பருவம் தவறிய கனி

ஸ்ட்ராபெரிச் செடி பருவத்தின் கணக்கறிந்து வாழ்வது. இலையுதிர் காலத்தில் பகல் குறுகிக் குளிர் தொடங்கும்போது அது தன்னுள் மொட்டை உருவாக்கிக் கொள்கிறது, பனிக்காலத்தில் உறங்குகிறது, இளவேனிலில் பூத்துக் கோடையின் வாசலில் கனி தருகிறது. ஜப்பான் நாட்டில் திறந்த வெளியில் பயிரிட்டால் மே மாதத்தையொட்டியே பழம் சிவக்கும். ஆயினும் அந்நாட்டுக் கடைகளில் டிசம்பரிலேயே அது வந்து குவிகிறது. கிறிஸ்துமஸ் வேளையில், வெண்ணிறக் கிரீமின் மீது செந்நிறப் பழம் பதித்த கேக்கை உண்பது அங்கே குடும்ப வழக்கமாகிவிட்டது.

ஐந்து மாதம் முந்திப் பழம் பறிப்பது எங்ஙனம்? நாற்றுகளைக் கோடையிலேயே இரவுதோறும் குளிரூட்டிய இருட்டறையில் அடைத்து, நாளுக்கு எட்டு மணி நேரமே வெளிச்சம் காட்டுகிறார்கள். தொச்சிகி மாநிலத்து உழவர்கள் நாற்றுகளைச் சுமார் 1,400 மீட்டர் உயரத்திலுள்ள நிக்கோ மலைச் சமவெளிக்குக் கொண்டுசென்று வளர்த்ததும் உண்டு. இலையுதிர் காலம் வந்துவிட்டதென எண்ணுவதுபோல் செடி மொட்டுக் கட்டுகிறது. செப்டம்பரில் அதை நட்டு, பின் பிளாஸ்டிக் தாள் போர்த்திய பசுங்குடிலுக்குள் காக்கிறார்கள். அது உறங்கிவிடாதிருக்க விளக்கேற்றிப் பகலை நீட்டுகிறார்கள். எண்ணெய் எரித்துச் சூடேற்றுகிறார்கள். மகரந்தம் சேரத் தேனீப் பெட்டியையும் உள்ளே வைக்கிறார்கள். மகரந்தம் சரியாகச் சேராத பூவின் பழம் கோணிப்போகும்.

இது முறைதானா? இவ்வழக்கு மிகப் பழையது. ரோமப் பேரரசர் திபேரியஸ் நாள்தோறும் வெள்ளரி உண்ண விரும்பியதால், சக்கரம் பூட்டிய பாத்திகளில் அதை வளர்த்து, குளிர்நாட்களில் ஒளி ஊடுருவும் கல்தகடுகளின் கீழ் வைத்துக் காத்தார்கள் என்று பிளினி எழுதி வைத்துள்ளார். அதே முதல் நூற்றாண்டில் வாழ்ந்த தத்துவ அறிஞர் செனெகாவோ, குளிர்காலத்தில் ரோஜாவை நாடுவதும், வெந்நீரின் வெம்மையால் லில்லியை மலர்விப்பதும் இயற்கைக்கு மாறான வாழ்வு என்று கடிந்தார்.

செனெகாவின் பக்கம் முழுமையாகச் சேர நமக்கு இயலவில்லை. வறண்ட நிலத்தில் கிணறு தோண்டி நெல் விளைவிப்பதும், இயந்திரச் சூட்டில் குஞ்சு பொரிக்க வைப்பதும் இயற்கையைத் திருப்பி விடுதலே. செடிக்கு நாம் வாக்குறுதி ஏதும் தந்ததில்லை. ஆகவே வாக்குத் தவறியவராகவும் மாட்டோம். குளிர்காலத்தில் நல்ல விலை பெறும் பயிர் உழவர் வீட்டு அடுப்பையும் எரிய வைக்கிறது. பருவம் மீறியது என்ற ஒரே காரணத்தால் ஒரு கனியைத் தீயதென்று தள்ளுவதற்கில்லை.

அவ்வாறாயின் கேட்க வேண்டியது எதை? பருவம் தவறிய கனி பற்றிய ஒரு வரலாறு நம் இல்லங்களுக்குப் புதிதன்று. மர்யம் (அலை) அவர்கள் தொழுகை மாடத்தில் இருந்த நாட்களில், அவர்களைப் பொறுப்பேற்று வளர்த்த ஸக்கரிய்யா நபி (அலை) அவர்கள் உள்ளே செல்லும்போதெல்லாம் அங்கே உணவிருக்கக் கண்டார்கள். கோடையில் குளிர்காலக் கனியும், குளிர்காலத்தில் கோடைக் கனியும் இருந்தன என்பது விரிவுரையாளர் பலரின் விளக்கம். அதைக் கண்ட நபியவர்கள், அது எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். அல்லாஹ்விடமிருந்து வந்தது என்ற மறுமொழி பெற்றார்கள்.

நாம் கற்க வேண்டியது அந்தக் கேள்வியைத்தான். அந்தக் கனிக்காக எவரும் எதையும் இழக்கவில்லை. டிசம்பர்ப் பழத்துக்கோ இழப்புண்டு. எரிந்த எண்ணெய் மீளாது. அதன் புகை, அப்பழத்தைக் கண்ணாலும் காணாதவர் நாட்டு வானையும் சூடாக்குகிறது. அடைத்த குடிலுக்குள் உழைக்கும் தேனீக்கூட்டம் மெலிந்துபோவதும் உண்டு. விலைச்சீட்டில் இவை எழுதப்படுவதில்லை.

கேட்டவர்களுக்கு வழியும் புலப்பட்டிருக்கிறது. ஷிசுவோக்கா மாநிலத்துக் குனோசான் மலையடிவாரத்தில், கடலை நோக்கிய சரிவில், 1868 முதல் 1912 வரையிலான மெய்ஜி காலத்திலேயே கற்சுவர்களின் இடுக்கில் ஸ்ட்ராபெரி நடத் தொடங்கினார்கள். பகல் வெயிலைக் கல் வாங்கி வைத்து இரவில் செடிக்குத் தந்தது. தொச்சிகியில் இரட்டைப் பிளாஸ்டிக் தாள்களின் நடுவே நிலத்தடி நீரைத் தெளித்து, அதன் இயல்பான வெதுவெதுப்பால் குளிரைத் தடுக்கிறார்கள், எண்ணெய் மிச்சமாகிறது. ஆயினும் நிலத்தடி நீரும் வற்றக்கூடியதே. ஆகவே ஒருமுறை கேட்டதோடு கேள்வி முடிந்துவிடாது.

நம் வீட்டு விருந்துகளிலும் பருவம் தவறிய பழங்கள் இடம்பெறும் காலம் இது. அவற்றைப் பிள்ளைகள் முன் வைக்கும்போது இனிப்பைப் பற்றி மட்டும் பேசாமல், இது எங்கிருந்து வந்தது, எவர் இழப்பில் வந்தது என்றும் சொல்லிக் கொடுப்போம். அருளை அருளென்று அறிந்து உண்பதற்கு அதுவே தொடக்கம்.