அடுத்த வருஷம் இல்லாதவன்

அயர்லாந்துப் பள்ளிக்கூடப் பையன்கள் உயிரைக் கொடுத்து ஆடும் ஒரு விளையாட்டு உண்டு. கேலிக் ஃபுட்பால். காலால் உதைக்கலாம், கையாலும் குத்தி அனுப்பலாம். பக்கத்துக்குப் பதினைந்து பேர். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நாலு எட்டுக்கு மேல் ஓட முடியாது. தரையில் தட்ட வேண்டும், இல்லையென்றால் பாதத்தால் தட்டிக் கைக்கு எடுக்க வேண்டும். வலைக்குள் அடித்தால் 3 புள்ளி, குறுக்குக் கம்பத்துக்கு மேலே அனுப்பினால் பொதுவாக 1.

குளிர், மழை, சேறு எல்லாவற்றிலும் ஆடுவார்கள். நாலு மாகாணங்களிலும் ஜெயித்த பள்ளிகள் கடைசியில் மோத, ஒரே ஒரு பள்ளி ஹோகன் கோப்பையைத் தூக்கும். மற்ற எல்லாப் பள்ளிகளுக்கும் அந்த சீஸன் ஒரு தோல்வியில்தான் முடியும்!

1946-ல் நடந்த முதல் இறுதிப் போட்டியில் ஆர்மா நகரத்து செயின்ட் பாட்ரிக்ஸ் ஜெயித்தது. தோற்றது ட்யூம் ஊரின் செயின்ட் ஜார்லத்ஸ். மறு வருஷமே ஜார்லத்ஸ் கோப்பையை வாங்கிவிட்டது. இன்றுவரை அதிக முறை, மொத்தம் 12 தடவை வென்ற பள்ளியும் அதுதான்.

'பார்த்தீர்களா, விடாமுயற்சி!' என்று கை தட்டத் தோன்றுகிறது அல்லவா? கொஞ்சம் பொறுங்கள். 1946-ல் அந்த மைதானத்தில் நின்ற கடைசி வகுப்புப் பையனை நினைத்துப் பாருங்கள். பள்ளிக்கு 1947 இருந்தது. அவனுக்கு? படிப்பு முடிந்து போய்விட்டான். அவனிடம் போய் 'தோல்விதான் வெற்றிக்கு முதல் படி' என்றால், 'எந்தப் படி சார்?' என்று கேட்பானா, மாட்டானா?

2020-ல் இன்னும் மோசம். மார்ச் 12-ம் தேதி கொரோனாவால் எல்லா ஆட்டங்களையும் நிறுத்தினார்கள். மாதக்கணக்கில் தயாரான பையன்களுக்குத் தோற்கிற வாய்ப்புகூடக் கிடைக்கவில்லை. அந்த வருஷம் ஹோகன் கோப்பை யாருக்கும் இல்லை.

அப்படியென்றால் அத்தனை மாதமும் தண்டமா?

தண்டம் என்று சொல்லும் முன் ஒரு விஷயம். 1884-ல் தொடங்கிய கேலிக் விளையாட்டுச் சங்கத்தில் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கிடையாது. டப்ளினின் க்ரோக் பார்க்கில் 82,000 பேர் முன்னால் ஆடிக் கோப்பை வாங்கும் பெரியவர்கள்கூட, அப்புறம் வாத்தியார் வேலைக்கோ வயலுக்கோ திரும்ப வேண்டியவர்கள்தான். ஜெயித்தவனுக்கே காசு இல்லாத இடத்தில், ஆட்டத்தின் பலன் ஆட்டத்துக்குள்ளேயே இருந்தாக வேண்டும். நாலாவது எட்டில் நண்பன் எங்கே நிற்கிறான் என்று பார்த்துப் பந்தைத் தட்டிவிட்டானே, அந்த நொடி அவனுக்கு ஏற்கெனவே கிடைத்துவிட்டது. ஸ்கோர் அதைத் திருப்பி வாங்க முடியாது.

அதற்காக, அவன் வருத்தப்படக் கூடாது என்றும் சொல்லிவிடாதீர்கள். வருத்தம் நியாயமானது. அது போன பந்தயத்துக்குக் கொடுக்கிற மரியாதை. நாம் அவசரப்பட்டு ஆறுதல் சொல்வது பெரும்பாலும் நம் சங்கடம் தீரத்தான்.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் ஒரு நாள் தோற்றுவிட்டு வந்து நிற்கும். 'அடுத்த தடவை பாத்துக்கலாம்டா' என்று ஆரம்பிக்காதீர்கள். அடுத்த தடவை இல்லாமலே போகலாம். சாப்பாடு போட்டுவிட்டு, 'இன்னிக்கு எப்படி ஆடினே, சொல்லு' என்று கேளுங்கள்.

சொல்வதற்கு அவனிடம் நிறைய இருக்கும்.