பெயரில்லாத ஜீவன்கள்

ஏற்காட்டுப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில், கோழி எரு மூட்டைகள் ஏற்றிய லாரிக்குப் பின்னால் பஸ் ஊர்ந்தது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளுக்கான கடன் விண்ணப்பங்களைச் சரிபார்த்து மேலே அனுப்புவது என் உத்தியோகம். அந்த நாற்றத்தில் எனக்கும் பங்குண்டு. விண்ணப்பத்தில் எரு வரவுப் பத்தியில் வரும்.

டெட்ராசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக்குகளில் கணிசமான பகுதி சிதையாமலே எச்சத்தில் வெளியேறுகிறது. எருவோடு தோட்டத்துக்கும் மழையோடு ஓடைக்கும் போகக்கூடியது. நீர்ப்பூச்சியை அது நேராகக் கொல்வது அபூர்வம். காரியம் சுற்றிவளைத்து நடக்கிறது. ஓடையில் விழுந்த சருகின் மேல் பூஞ்சையும் பாக்டீரியாவும் படர்ந்து பதமான பிறகே, மணலையும் இலைத்துணுக்கையும் ஒட்டிக் கூடு கட்டிக்கொள்ளும் புழுக்கள் அதை விரும்பித் தின்கின்றன. பாக்டீரியாவை ஒழிக்கவென்றே செய்த மருந்து இந்தச் சமையலில் கைவைக்கிறது. புழுவின் பெயரைக் கிளியூர் பக்கம் ஒருவரிடம் கேட்டேன். 'தண்ணிப் புழு' என்றார். எனக்கும் வேறு பெயர் தெரியாது.

கால்நடைக்கான டைக்ளோஃபெனாக்கை இந்தியா 2006இல் தடைசெய்தது, பாறுக் கழுகுகளுக்காக. கோழிகளுக்கும் மற்ற உணவுப் பிராணிகளுக்கும் கோலிஸ்டின் கொடுப்பதை 2019இல் தடைசெய்தது, நமக்காக. மனிதருக்கு மிஞ்சியிருக்கும் கடைசி மருந்துகளில் அது ஒன்று. இரண்டும் சரியான தடைகள்தாம். இரண்டிலும் யாருக்கு நஷ்டம் என்பது தெரிந்திருந்தது.

2016இல் வெளியான ஓர் ஆய்வில், டெட்ராசைக்ளின் கொடுத்த மாடுகளின் சாணத்தில் வளர்ந்த வண்டுகளின் குடல் நுண்ணுயிர்கள் மாறியிருந்தன; வண்டின் பருமனில் மாற்றம் தெரியவில்லை. அப்படியானால் இது தீங்கா? பிராணி துன்புறுமா என்பதே கேள்வி என்றார் பெந்தம், 1789இல். கல்லூரியில் படித்தபோது அது போதுமென்று தோன்றியது. இங்கே அந்த அளவுகோல் என் கையில் வளைகிறது. சமண முனிவர்கள் நீரை வடிகட்டிக் குடித்தது வேறு கணக்கு. துன்பத்தை நிரூபிக்கும் பொறுப்பை அவர்கள் புழுவின் தலையில் சுமத்தவில்லை. ஆனால் அவர்கள் பிச்சையேற்று உண்டவர்கள், பண்ணைக்குக் கடன் கொடுத்தவர்கள் அல்லர். சத்துணவுத் தட்டில் விழும் முட்டை இந்தக் கொட்டகைகளிலிருந்துதான் வருகிறது என்று நண்பர் சொன்னபோது எனக்குப் பதில் கிடைக்கவில்லை. இப்போதும் இல்லை.

திங்கட்கிழமை மேசையில் இரண்டு விண்ணப்பங்கள். 'நீர்வசதி' என்ற இடத்தில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் கேட்டிருந்தது; ஆழ்துளைக் கிணறு என்று எழுதியிருந்தார்கள். எங்கே போகிறது என்று ஓரத்தில் பென்சிலால் எழுதினேன். பிறகு அழித்துவிட்டு மேலே அனுப்பினேன்.