கேட்பதும் கேள்வியும்

தமிழில் 'கேள்' என்னும் வினைச்சொல் இரு செயல்களைக் குறிக்கும். செவியால் கேட்பதும் கேட்டலே; வாயால் வினவுவதும் கேட்டலே. திருக்குறளின் 42ஆம் அதிகாரத்துக்குக் 'கேள்வி' என்று பெயர். அதிலுள்ள பத்துக் குறள்களும் வினாத் தொடுப்பதைப் பற்றிப் பேசவில்லை; செவி வழியே அறிவைப் பெறுவதைப் பற்றியே பேசுகின்றன. நன்றாகச் செவிமடுக்கத் தெரிந்தவனே நன்றாக வினவவும் வல்லவன் என்னும் உண்மை இச்சொல்லின் அமைப்பிலேயே பொதிந்து கிடக்கிறது. இவ்வுண்மை நாள்தோறும் சோதனைக்கு உள்ளாகும் இடம் ஒன்று உண்டு. அதுவே வானொலி நிலையத்தின் ஒலிப்பதிவுக் கூடம்.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோருக்கு இருக்கவேண்டிய தகுதிகளை இளங்கோவடிகள் விரித்துரைக்கிறார். அப்பட்டியலில் அறிவிப்பாளருக்கு இடமில்லை. கலைஞரும் சுவைஞரும் நேருக்கு நேர் அமர்ந்த காலத்தில் இடையில் ஒருவர் நிற்கத் தேவை எழவில்லை. வானொலியே இத்தொழிலைப் பிறப்பித்தது. சிங்கப்பூரில் கால்டிகாட் குன்றிலிருந்து 1937ஆம் ஆண்டில் ஒலிபரப்புத் தொடங்கியது. சென்னை வானொலி நிலையம் 1938ஆம் ஆண்டிலும் திருச்சி நிலையம் 1939ஆம் ஆண்டிலும் தோன்றின. ஆகவே, இசைக்கும் செவிக்கும் இடையே நிற்கும் இம்மனிதருக்குரிய இலக்கணம் இன்னும் நூறாண்டுகூடக் காணாத இளம் இலக்கணமே. அதை வகுப்பதில் நேயர்களுக்கும் பங்குண்டு.

நேயர்களின் இருவகைக் குறைகள்

செவ்விசை நிகழ்ச்சிகளைப் பற்றி நேயர்கள் கூறும் குறைகள் எந்நாட்டிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன. இசையறிந்த மூத்தோர், அறிவிப்பாளர் மிகுதியாகப் பேசுகிறார் என்பர், ஆலாபனையின் கடைசி இழை அடங்குமுன் அடுத்த விளம்பரத்துக்குத் தாவுகிறார் என்பர், ஐம்பதாண்டு சாதகம் செய்த வித்துவானிடம், "எங்கள் ஊர் உணவு பிடித்திருக்கிறதா?" என்று கேட்டுப் பொழுதைக் கழிக்கிறார் என்பர். இளையோரின் குறை இதற்கு நேர்மாறானது. இராகம், தாளம், சங்கதி, நிரவல் என்று விளக்கமின்றிச் சொற்கள் அடுக்கப்படுகின்றன. தெரிந்தவர் இருவர் தமக்குள் பேசிக்கொள்வதைக் கதவுக்கு வெளியே நின்று கேட்பதுபோல் இருக்கிறது என்பர்.

இவற்றுள் எது சரி? இதனை வெறும் சுவை வேறுபாடு என்று ஒதுக்கிவிட முடியாது. இரு குறைகளுக்கும் வேர் ஒன்றே. அறிவிப்பாளர் யாருக்காகக் கேட்கிறார் என்பதை மறந்துவிடுகிறார். முதல்வகையில், தம் குரலைத் தாமே சுவைக்கிறார். இரண்டாம்வகையில், தம் புலமையைக் கலைஞருக்குக் காட்டிக்கொள்கிறார். ஒலிவாங்கி அவருக்குச் சொந்தமானதன்று. கலைஞரின் வாழ்நாள் உழைப்பையும் நேயரின் பொழுதையும் சிறிது நேரம் காத்துக்கொடுக்க அவரிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள் அது. ஒப்படைத்த பொருளைத் தன்பொருளாக ஆள்வது எங்கும் அறமாகாது.

வள்ளுவர் 'அவையறிதல்' என ஓர் அதிகாரம் வகுத்தார். மேடைப் பேச்சாளருக்கு அவை கண்முன் இருக்கிறது. முகங்கள் சோர்வதையும் மலர்வதையும் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். வானொலியில் பேசுபவரோ காணாத அவையை அறியவேண்டியவர். சிராங்கூன் சாலையில் பூத்தொடுக்கும் கடைக்காரர், அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் நிற்கும் மூதாட்டி, டாக்சி ஓட்டுநர், தேர்வுக்குப் படிக்கும் தொடக்கக் கல்லூரி மாணவி என அவ்வவை சிதறிக் கிடக்கிறது. அவர்களுள் வீணை பயின்றவரும் இருக்கலாம். வீணையை நேரில் கண்டிராதவரும் இருக்கலாம். இருவரையும் ஒருங்கே மதிக்கும் கேள்வி ஒன்று உண்டா?

ஒரு கேள்வியின் ஆற்றல்

உண்டு. பைரவி இராகத்தை எடுத்துக்கொள்வோம். ஏறுமுகத்தில் சதுசுருதி தைவதமும் இறங்குமுகத்தில் சுத்த தைவதமும் பயின்று வருவது அதன் தனித்தன்மை. பைரவி பாடி முடித்த கலைஞரிடம், "உங்களுக்குப் பிடித்த இராகம் எது?" என்று கேட்டால், "எல்லாமே பிடிக்கும்" என்ற விடை கிடைக்கும், அதனால் எவரும் எதுவும் பெறுவதில்லை. "இந்த இராகத்தில் தைவதம் ஏறும்போது ஒருவிதமாகவும் இறங்கும்போது வேறுவிதமாகவும் ஒலிக்கிறதே, அதைத் தனித்தனியே பாடிக் காட்டுவீர்களா?" என்று கேட்டால் நிகழ்வது வேறு. அறிந்தவர் ஒரு நுட்பத்தை மீண்டும் உணர்வர்; அறியாதவர் முதன்முறையாக ஒரு வேறுபாட்டைத் தம் செவியாலேயே கண்டுகொள்வர். கலைச்சொல் தெரியாவிட்டாலும் செவி தெரிந்துகொள்ளும். அச்சிட்ட நேர்காணலில் இவ்விடையைப் பாடிக் காட்ட இயலாது, வானொலியில் இயலும். அவ்வாய்ப்பைத் தவறவிடுவது உணவு நிறைந்த பந்தியில் வெற்றிலையை மட்டும் பரிமாறுவதற்கு ஒப்பாகும்.

இத்தகைய கேள்வியைக் கேட்க அறிவிப்பாளர் வித்துவானாக இருக்கவேண்டியதில்லை. முன்னரே அந்த இசையைச் செவிமடுத்திருந்தால் போதும். அறியாமை குற்றமன்று, அறிந்தவர்போல் நடிப்பதும் ஆயத்தமின்றி வருவதுமே குற்றம். "எனக்கு இது விளங்கவில்லை, விளக்குங்கள்" என்று ஒலிவாங்கியின் முன் சொல்லத் துணிபவர், அதே ஐயத்தைச் சொல்லக் கூசும் ஆயிரம் நேயரின் சார்பில் பேசுகிறார். அந்தப் பணிவும் ஒருவகை வீரமே.

ஆழமும் எளிமையும்

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். ஆழமாகப் பேசினால் மக்கள் வேறு அலைவரிசைக்குப் போய்விட மாட்டார்களா? இந்திய வானொலியின் வரலாறு இதற்குச் சான்றாகக் காட்டப்படுவதுண்டு. 1952ஆம் ஆண்டில் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கர் செவ்விசையை வளர்க்க விரும்பித் திரைப்பாடல்களை அகில இந்திய வானொலியிலிருந்து ஏறக்குறைய விலக்கினார். நேயர்களோ இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினர். 1957இல் விவித பாரதி தொடங்கவேண்டியதாயிற்று. ஆயினும், அதே 1952இல் தொடங்கிய தேசிய இசை நிகழ்ச்சி, சபாவின் வாயிலை மிதித்திராத வீடுகளுக்கும் பெரும் வித்துவான்களின் இசையைக் கொண்டுசேர்த்தது என்பதையும் மறக்கலாகாது. மக்கள் வெறுத்தது ஆழத்தையன்று, வற்புறுத்தலையே எனக் கொள்வது பொருந்தும்.

மேலை நாட்டிலும் இவ்வழக்கு நடந்தது. பிரிட்டனில் 1992ஆம் ஆண்டில் 'கிளாசிக் எஃப்எம்' என்னும் வணிக வானொலி எளிய நடையில் செவ்விசையை வழங்கிப் பெருங்கூட்டத்தை ஈர்த்தது. பிபிசியின் மூன்றாம் வானொலியும் அந்நடையைப் பின்பற்றித் தன் தரத்தை இழக்கிறது என்று நேயர் பலர் வருந்தினர். 2003இல் அவர்களுள் சிலர் ஓர் அமைப்பாகவே திரண்டனர். எளிமை வேறு, மலினம் வேறு என்பதே அவ்விவாதத்திலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடம். எளிமை கேட்பவரை மேலே அழைத்துச் செல்லும். மலினம் இசையைக் கீழே இழுத்துவரும்.

சிங்கப்பூரின் நிலை

சிங்கப்பூரில் இக்கேள்விக்குத் தனிக் கனம் உண்டு. மேலைச் செவ்விசைக்கெனத் தனி அலைவரிசை இருக்கிறது. தமிழுக்கோ செய்தி, திரையிசை, உரையாடல், செவ்விசை ஆகிய அனைத்தையும் ஒலி 96.8 என்ற ஒரே உள்ளூர் நிலையம் சுமக்கவேண்டியிருக்கிறது. 1949இல் தோன்றிய இந்திய நுண்கலைக் கழகம் போன்ற அமைப்புகள் தலைமுறை தலைமுறையாக மாணவர்களைப் பயிற்றுவிக்கின்றன. 2002 முதல் எஸ்பிளனேடில் நடைபெறும் கலா உற்சவத்துக்கு வெளிநாட்டுக் கலைஞர்களும் வருகின்றனர். அவ்வாறு வரும் ஒருவரிடம் வானொலியில் கேட்கப்படும் நான்கு கேள்விகள், அரங்குக்கு வர இயலாத ஒரு மாணவருக்கு அக்கலையோடு வாய்க்கும் ஒரே உறவாக இருந்துவிடக் கூடும். வீட்டில் தமிழ் ஒலிப்பது குறைந்துவரும் சூழலில், செம்மையான தமிழ் உரையாடல் எப்படி இருக்கும் என்பதற்கும் அவ்வுரையாடலே அம்மாணவருக்கு முன்மாதிரி.

எனவே நேயர் குறை கூறத்தான் வேண்டும். ஆனால் குறை கூறுவதற்கும் அறம் உண்டு. "நிகழ்ச்சி சரியில்லை" என்பது ஏசுதல். "இராகத்தின் பெயரைப் பிழையாகச் சொன்னீர்கள், விடை முடியுமுன் குறுக்கிட்டீர்கள்" என்பது திருத்தம். இளம் அறிவிப்பாளரின் ஒரு பிழையைப் பலரறியப் பழித்தால் அவர் அடுத்தமுறை துணிந்த கேள்வியைக் கேட்க அஞ்சுவார். ஊரையும் உணவையும் பற்றிய பாதுகாப்பான கேள்விகளுக்கே ஒதுங்குவார். அப்போது நாம் வெறுத்த வறட்சியை நாமே வளர்த்தவர்களாவோம். நல்ல கேள்வி ஒன்று கேட்கப்பட்டபோது அதனைப் பாராட்டி இரண்டு வரி எழுதிய நேயர் எத்தனை பேர் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

பழந்தமிழில் ஆற்றுப்படை என்றோர் இலக்கிய வகை உண்டு. பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், வறுமையோடு எதிர்வரும் இன்னொரு கலைஞனுக்கு வழி சொல்கிறான். எந்த ஊரில் தங்கலாம், எந்த நிலத்தில் என்ன உணவு கிடைக்கும், வள்ளல் எத்தகையவன் என்று அனைத்தையும் அவனால் சொல்ல முடிகிறது. அவன் அவ்வழியே நடந்தவன். சொல்லி முடித்ததும் அவன் விலகிக்கொள்கிறான். வாயிலில் நுழைவது மற்றவனே. செவ்விசை அறிவிப்பாளருக்கு இதைவிடச் சிறந்த இலக்கணம் தேவையில்லை. தாம் முன்னே நடந்து பார்த்திருக்கவேண்டும். வழியைத் தெளிவாகச் சொல்லவேண்டும். இசை தொடங்கும்போது விலகி நிற்கவேண்டும். அது முடிந்த பின்னும் ஒரு மூச்சுநேரம் மௌனம் காக்கவேண்டும். அந்த மௌனத்தில்தான் அவரும் நேயரும் ஒன்றாய்க் கேட்கிறார்கள். அடுத்த கேள்வி அங்கிருந்தே பிறக்கட்டும்.