மகள் போட்ட டெபாசிட்

“இன்னிக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?”

“ஒண்ணும் இல்லப்பா.”

உங்கள் வீட்டிலும் தினமும் சாயங்காலம் இந்த இரண்டு வரி வசனம் ஓடுகிறதா? காலையில் எட்டரைக்குப் போன பிள்ளை நாலரைக்குத் திரும்பி வருகிறது. எட்டு மணி நேரத்தில் ‘ஒண்ணும்’ நடக்காமலா இருக்கும்?

என் மகள் இரண்டாம் வகுப்பு வரை ஓயாமல் பேசியவள்தான். யார் டிபன் பாக்ஸில் என்ன, யார் யாருடன் ‘காய்’ விட்டார்கள், எல்லாம் வரும். மூன்றாம் வகுப்பில் ஒருநாள், நோட்டை மறந்ததற்காக மிஸ் வெளியே நிற்க வைத்துவிட்டார் என்றாள். எனக்கு வந்ததே கோபம்! உடனே போனைப் போட்டு மிஸ்ஸை ஒரு பிடி பிடித்தேன். நல்ல அப்பாவாக நடந்துகொண்ட திருப்தியில் தூங்கினேன்.

பல மாதங்கள் கழித்து, அவள் பாட்டியிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. என் போனுக்கு மறுநாள், “எல்லாத்தையும் வீட்டுல போய் ஒப்பிச்சிடுவியா?” என்று வகுப்பே பார்க்க மிஸ் கேட்டாராம். “அப்பாகிட்ட சொல்லிடாத பாட்டி. போன் பண்ணிடுவாரு.”

நான் பி.காம். படித்தவன். ஒருவர் நம்பிக் கொடுத்ததை அவரைக் கேட்காமல் எடுத்துச் செலவழித்தால், அதற்குப் பெயர் கையாடல். மகள் என்னிடம் போட்டது ஒரு டெபாசிட். அதை என் கோபத்துக்குச் செலவழித்துவிட்டேன். அப்புறம் எப்படி அந்தக் கணக்கில் மறுபடி போடுவாள்?

பாட்டி கேள்வியே கேட்பதில்லை. அவரைக்காய் நார் உரித்தபடி ‘உம்’ கொட்டுவார், அவ்வளவுதான். ஜப்பானில் கோபயாஷி என்றொரு தலைமையாசிரியர், பள்ளியில் சேர வந்த சிறுமியின் பேச்சை நாலு மணி நேரம் கேட்டார். அந்தச் சிறுமி வளர்ந்து 1981-ல் எழுதிய ‘டோட்டோ-சான்’ புத்தகத்தில் அது இருக்கிறது.

‘கேட்டுக்கொண்டு சும்மா இருக்கச் சொல்கிறீர்களா?’ என்பீர்கள். இல்லை. பிள்ளையை அடிப்பதையும் மனதளவில் வதைப்பதையும் 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு தடை செய்கிறது. அடி, மிரட்டல், தப்பான தொடுதல் என்றால் தலையிட்டே ஆகவேண்டும். உதவிக்கு 1098 இருக்கிறது. ஆனால் அப்போதும், “இதை நான் இன்னார்கிட்ட சொல்லப்போறேன், ஏன்னா...” என்று பிள்ளைக்கு முதலில் சொல்லுங்கள். சின்ன விஷயமா? சொல்லலாமா வேண்டாமா என்ற முடிவையே பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். அது நடந்தது அதன் வாழ்க்கையில். நாம் கேட்கக் கிடைத்தவர்கள், அவ்வளவே.

போன வாரம் நானும் அவரைக்காய் உரிக்க உட்கார்ந்தேன். எதுவும் கேட்கவில்லை. பாதிக் காய் முடிந்திருக்கும். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அப்பா, ஒண்ணு சொல்லுவேன். போன் பண்ண மாட்டீங்களே?”

“உன்னைக் கேட்காம பண்ண மாட்டேன்.”

என்ன சொன்னாள் என்கிறீர்களா? மன்னிக்கணும். அது டெபாசிட்!