ஒரு விநாடி இடைவெளி

ஒரு சின்னக் கேள்வி. உங்கள் முன்னால் இரண்டு கம்பிகள். ஒன்றில் 8,000 வோல்ட். இன்னொன்றில் வெறும் 230 வோல்ட். ஏதாவது ஒன்றைத் தொட்டே ஆக வேண்டும் என்றால், எதைத் தொடுவீர்கள்?

'இதென்ன கேள்வி, 230-தான்' என்று சொன்னால் அவசரப்பட்டுவிட்டீர்கள். 230 என்பது உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட். ஆளைக் கொன்றுவிடும். அந்த 8,000, முறையாகச் செய்யப்பட்ட மின்வேலி. தொட்டால் 'சுளீர்' என்று ஒரு அடி. 'ஐயோ' என்று கையை இழுத்துக்கொள்வீர்கள். சாயங்காலம் நாலு பேரிடம் சொல்லிச் சிரிக்க உயிரோடு இருப்பீர்கள். (தயவுசெய்து சோதித்துப் பார்க்க வேண்டாம். படித்தால் போதும்.)

இது எப்படி? வித்தை வோல்ட்டில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. வேலிக்கு மின்சாரம் அனுப்புகிற பெட்டிக்கு எனர்ஜைசர் என்று பெயர். பேட்டரியிலிருந்தோ சோலார் தகட்டிலிருந்தோ வரும் மின்சாரத்தை உள்ளே ஒரு கெப்பாசிட்டரில் சேர்த்து வைக்கும். சேர்ந்ததும் ஒரே வீச்சில் கம்பியில் விடும். அந்த வீச்சு ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்குக்கு மேல் நீடிக்கக் கூடாது, அடுத்த வீச்சு வருவதற்குள் ஒரு விநாடியாவது கம்பி சும்மா இருக்க வேண்டும் என்பது சர்வதேசத் தர விதி. ஒரு வீச்சின் சக்திக்கும் 5 ஜூல் என்று உச்சவரம்பு உண்டு. ஒரு கிலோ அரிசிப் பொட்டலம் முழங்கால் உயரத்திலிருந்து தரையில் விழுந்தால் எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு.

வீட்டு மின்சாரத்துக்கு அந்தத் தயவு கிடையாது. விநாடிக்கு 50 சுற்று, மூச்சுவிடாமல் வந்துகொண்டே இருக்கும். பிடித்த கை தானாகவே இறுகிக்கொள்ளும். விட வேண்டும் என்று நினைத்தாலும் விடாது. 'கரன்ட் பிடிச்சு இழுத்துடுச்சு' என்கிறோமே, அது இதுதான்.

ஆக, வேலிக்கும் பொறிக்கும் வித்தியாசம் ஒரே ஒரு விநாடி. 'போ' என்று சொல்லிவிட்டு, போவதற்கு நேரமும் கொடுத்தால் அது வேலி. சொல்லிக்கொண்டே பிடித்து வைத்துக்கொண்டால் அது பொறி.

இந்தப் பாடம் எனக்குக் கிடைத்த இடம் திருவொற்றியூர். கன்டெய்னர் லாரியும் கரித்தூசியும் கருவாட்டு வாசனையும் உள்ள வடசென்னையில் மான் ஏது என்று கேட்பீர்கள். மான் பார்க்க கிண்டிக்குத்தான் போக வேண்டும். ஆனால், இங்கே மெக்கானிக் உண்டு. தொழிற்சாலைகளை நம்பி வளர்ந்த ஊர். எதையும் பிரித்துப் போட்டு மாட்டிவிடுகிற கைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. இன்வெர்ட்டரும் ஸ்டெபிலைசரும் பார்க்கிற ஒரு கடை. அங்கே நான் உட்கார்ந்திருந்தபோது ஒருவர் துணிப்பையில் ஒரு பெட்டியோடு வந்தார். பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். கிடைத்த பணத்தில் ஜவ்வாது மலையடிவாரத்தில் கொஞ்சம் நிலம் வாங்கி நிலக்கடலை போட்டிருக்கிறார். ராத்திரியில் புள்ளிமான் கூட்டம் வந்து மேய்ந்துவிட்டுப் போகிறது.

மெக்கானிக் மூடியைக் கழற்றினார். கெப்பாசிட்டரில் தங்கியிருந்த மிச்ச சார்ஜை முதலில் இறக்கினார். 'இடி இறங்கியிருக்கு' என்றார். மின்சாரத்தைத் திறந்துவிடுகிற தைரிஸ்டர் கருகிக் கிடந்தது. வேறொன்றைப் பற்றவைத்ததும் 'டிக்... டிக்...' என்று பெட்டி பேச ஆரம்பித்தது.

வந்தவர் கேட்டார்: "அப்படியே ஷாக்கைக் கொஞ்சம் ஏத்தி வெச்சுடுங்க. விட்டு விட்டு அடிக்குது. விடாம அடிக்கிற மாதிரி பண்ண முடியாதா?"

மெக்கானிக் தலையைத் தூக்காமலே சொன்னார்: "விடாம அடிச்சா மான் எப்படிண்ணா போவும்? அங்கயே தான் கிடக்கும். ஏத்துறதெல்லாம் வாணாம். எர்த் கம்பி இன்னும் ரெண்டு அடிங்க. அந்த இடத்துல தண்ணி ஊத்துங்க. கம்பி மேல செடி கொடி படர்ந்திருந்தா வெட்டுங்க. சரியாப் பூடும்."

விவரம் இதுதான். கம்பியில் கிளம்பும் மின்சாரம் மானின் உடம்பு வழியாக மண்ணுக்குள் இறங்கி, எர்த் கம்பி மூலமாகப் பெட்டிக்குத் திரும்ப வேண்டும். மண் காய்ந்திருந்தால் பாதை அறுந்துபோகும். செடி கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால் பாதி வழியிலேயே கசிந்துவிடும். கோளாறு இணைப்பில். நாமோ தண்டனை போதவில்லை என்று நினைக்கிறோம். பிள்ளை பேச்சைக் கேட்கவில்லை என்றால் குரலை உயர்த்துகிறோம். ஊழியர் சரியாக வேலை செய்யவில்லை என்றால் மெமோ கொடுக்கிறோம். நமக்கும் அவர்களுக்கும் நடுவே மண் காய்ந்து கிடக்கிறதா என்று யார் பார்க்கிறோம்?

இந்த வேலியின் பிறப்பிலும் ஒரு குதிரைக் கதை உண்டு. 1930-களில் நியூசிலாந்தில் பில் கல்லகர் என்ற விவசாயியின் காரில் அவருடைய குதிரை உடம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்ததாம். காரைத் தொட்டால் குதிரைக்கு லேசாக அதிர்ச்சி தருகிற மாதிரி ஒரு ஏற்பாடு செய்தார். குதிரை விலகிக்கொண்டது. அவருக்குக் குதிரையும் வேண்டும், காரும் வேண்டும். வேலியின் ஆதி நோக்கம் அவ்வளவுதான்.

அந்த நோக்கம் மறந்துபோனால் என்ன ஆகும்? 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி பக்கம் அதைப் பார்த்தோம். காட்டுப்பன்றி வராமல் இருக்க, சட்டவிரோதமாகக் கம்பியில் நேரடி மின்சாரம். செத்தது 3 யானைகள். உயிர் தப்பிய 2 குட்டிகள் அந்த உடல்களையே சுற்றிச் சுற்றி வந்தன. அந்த நிலத்துக்காரர் கைதானார். இந்த மாதிரிக் கம்பிக்கு ஆள் அடையாளமும் தெரியாது. ராத்திரி தண்ணி பாய்ச்சப் போன பக்கத்து வயல்காரர் செத்திருக்கிறார், கட்டியவரே மிதித்தும் செத்திருக்கிறார். மின்வேலிகளைப் பதிவு செய்து முறைப்படுத்த அதே 2023-ல் தமிழக அரசு தனி விதிகளையே கொண்டுவந்தது.

'கொடுமைக்காரப் பாவிகள்' என்று திட்டுவது சுலபம். கொஞ்சம் பொறுங்கள். நகரத்தில் உட்கார்ந்து 'பாவம் மான்' என்கிற நாம்தான், கடலை கிலோவுக்குப் பத்து ரூபாய் ஏறினால் பேரம் பேசுகிறோம். மூன்று மாத உழைப்பை ஒரே ராத்திரியில் இழப்பவனின் கோபத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நல்ல வேலி மானைக் கொல்லாது, சரி. அந்த மான் எங்கே போகும்? பசி அதோடு கூடவே போகிறதே! வேலி இல்லாத அடுத்த வயலுக்குப் போகும். எனர்ஜைசர் வாங்க வசதியில்லாதவரின் வயல் அது. பேரேட்டில் ஒரு பக்கம் குறைந்த நஷ்டம் இன்னொரு பக்கம் ஏறிவிடுகிறது. இரண்டு மூன்று முறை பறிகொடுத்த பிறகு, அந்த மனிதர் கையில் இருப்பது பம்ப்செட்டுக்கு வரும் லைன்தான். அதில் கொக்கி போடுகிறார். நம் நல்ல வேலியும் சேர்ந்துதான் அந்தக் கெட்ட வேலியைக் கட்டியது என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அதனால்தான் காட்டோரத்தில் வேலியை ஆளுக்கு ஒன்றாகப் போடாமல், ஊர் சேர்ந்து ஒன்றாகப் போடுவது நல்லது என்று தோன்றுகிறது. மானுக்கும் தெளிவாகப் புரியும்: இந்தப் பக்கம் மனுஷன், அந்தப் பக்கம் காடு.

விலகிப் போக இடம் இல்லாவிட்டால் ஒரு விநாடி இடைவெளி கொடுத்தும் பிரயோஜனம் இல்லை. இது வடசென்னைக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். ஊருக்கெல்லாம் வெளிச்சம் தரும் அனல்மின் நிலையத்தின் சாம்பல் எண்ணூர் கழிமுகத்தில்தான் படிந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் அதே தண்ணீரில் பரவியது. அந்த மாதக் கடைசியில், பெரியகுப்பத்தில் நடுராத்திரி அமோனியா கசிந்து ஜனங்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். விடிந்ததும் திரும்பி வந்தார்கள். வேறு எங்கே போவார்கள்? வலையும் படகும் அங்கேதானே இருக்கின்றன! 'கஷ்டமாக இருந்தால் வேறு இடம் போக வேண்டியதுதானே' என்று சொல்கிறவர்கள் கம்பியின் அந்தப் பக்கம் ஒருமுறை நின்று பார்க்க வேண்டும்.

திருக்குறளில் 'வெருவந்த செய்யாமை' என்று ஓர் அதிகாரம். அரசனுக்குச் சொன்ன புத்தி. கையை ஓங்கும்போது பலமாக ஓங்கலாம், அடி மட்டும் மெதுவாக விழட்டும் என்கிற யோசனை அதில் இருக்கிறது. ஓங்குவது 8,000 வோல்ட், விழுவது 5 ஜூல்! அரசனுக்குச் சொன்னது அப்பாவுக்கும் மேனேஜருக்கும் ஆசிரியருக்கும் பொருந்தாதா என்ன?

வேலியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உழைத்துச் சேர்த்ததைக் காப்பாற்ற எல்லோருக்கும் உரிமை உண்டு. சில நேரம் அதற்கு வலி தரத்தான் வேண்டியிருக்கும். தருவதற்கு முன்னால், விலகிக்கொள்ள அவர்களுக்கு நேரம் விட்டிருக்கிறோமா, விலகினால் போய் நிற்க ஓர் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இரண்டில் ஒன்றுக்கு 'இல்லை' என்று பதில் வந்தாலும், சுவிட்சைப் போடாதீர்கள்.