கந்தரோடை, நவம்பர் 25

விடிகாலை. உல்லாஸ்நகர், கேம்ப் நாலில் தண்ணீர் வருகிறது. குடத்தில் குடம் இடிக்கும் ஓசை.

மூச்சு போகிறது. வருகிறது.

*

நாட்காட்டியில் நவம்பர் 25.

ஒரு பெயர் எழுகிறது. மேஜர் ராமஸ்வாமி பரமேஸ்வரன்.

*

1946இல் பம்பாயில் பிறந்தவர். மாட்டுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கப் பள்ளி. 1972இல் மஹார் படைப்பிரிவில் அதிகாரி.

*

உல்லாஸ்நகரும் படை தங்கிய இடம். இரண்டாம் உலகப் போரில் கல்யாண் ராணுவ முகாம். பிரிவினைக்குப் பின், சிந்துவிலிருந்து வந்த அகதிகள் பாரக்குகளில் அடுப்பு மூட்டுகிறார்கள்.

போருக்குக் கட்டிய சுவர்களுக்குள் தொட்டில்கள்.

*

1987. யாழ்ப்பாணம். கந்தரோடை.

தேடுதல் முடித்துத் திரும்பும் இந்திய அமைதி காக்கும் படையின் அணி. இரவு. பதுங்கியிருந்தவர்களின் வேட்டு.

பரமேஸ்வரன் சுற்றிக்கொண்டு பின்புறமாகப் பாய்கிறார். கைகலப்பு. மார்பில் குண்டு. சுட்டவரின் துப்பாக்கியைப் பிடுங்கி அவரைச் சுடுகிறார். நினைவு இருக்கும்வரை கட்டளையிடுகிறார்.

41 வயது.

*

மாட்டுங்காத் தெருக்களில் கேட்கும் மொழிதான் கந்தரோடையிலும்.

*

பரமேஸ்வரனின் பரம்வீர் சக்கர விருதுக் குறிப்பில், சுட்டவருக்குப் பெயர் இல்லை.

அவரையும் யாரோ பெற்றிருக்கிறார்கள்.

*

கந்தரோடைக்கு முந்தைய மாதம். அக்டோபர் 21. தீபாவளி. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் இந்தியப் படை நுழைகிறது. நோயாளிகள் சாகிறார்கள். மருத்துவர்கள், தாதியர் சாகிறார்கள்.

இரண்டும் நெஞ்சில் இருக்கின்றன. ஒன்று மற்றொன்றைக் கரைக்கவில்லை.

*

அம்பர்நாத் லோக்கல் போகிறது. ஜன்னல் கம்பி அதிர்கிறது. அடங்குகிறது.

எதையும் நினைக்காத ஒரு கணம்.

பிறகு மறுபடியும் அந்தப் பெயர்.

*

1990 மார்ச். படை முழுதாகத் திரும்புகிறது. சென்னைத் துறைமுகத்தில் வரவேற்பு. முதல்வர் கருணாநிதி அதற்குப் போகவில்லை.

சிலர் அதைக் கோபத்தோடு நினைக்கிறார்கள். சிலர் நன்றியோடு.

நான் கப்பலில் வராதவர்களை நினைக்கிறேன். அந்தக் கப்பல்கள் புறப்பட்ட கரையில், சொல்லிக்கொள்ளாமல் போனவர்களையும்.

*

வெயில் தரைக்கு வந்துவிட்டது. உள்ளங்கையில் சூடு.

துக்கம் கனமாக இல்லை. இருக்கிறது, அவ்வளவுதான்.

*

இந்திய அமைதி காக்கும் படையில் பரம்வீர் சக்கரம் பெற்றவர் பரமேஸ்வரன் ஒருவரே. 2023இல் அந்தமானில் ஒரு தீவுக்கு அவர் பெயர் வைத்தார்கள். அந்தப் படையில் ஏறத்தாழ 1,200 பேர் உயிரோடு திரும்பவில்லை. அவர்களுக்கான நினைவுச் சின்னம் கொழும்பை அடுத்த ஸ்ரீ ஜயவர்த்தனபுர கோட்டேயில் இருக்கிறது.