இணைப்பும் வாய்மையும்: இணையக் குறும்பு குறித்த ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

பொய் என்பது அறநூல்களில் பெரும்பாலும் சொல்லின் குற்றமாகவே ஆராயப்பெற்றுள்ளது. வாய் திறவாமலேயே பொய்க்கும் வழியொன்றை இணையம் உருவாக்கியுள்ளது. ஒன்றைச் சுட்டி வேறொன்றிற்கு இட்டுச்செல்லும் இணைப்பே அவ்வழியாகும். விளையாட்டாகச் செய்யப்பெறும் இச்செயல் பொய்யாகுமா, ஆகுமெனின் பொறுக்கத்தக்கதா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

குறும்பின் தோற்றம்

இவ்வகைக் குறும்புகளுள் பரவலாக அறியப்பட்டது ‘ரிக்ரோல்’ ஆகும். இங்கிலாந்துப் பாடகர் ரிக் ஆஸ்ட்லி 1987இல் வெளியிட்ட காதல் பாடலொன்றின் காணொளிக்கு, வேறு செய்திபோல் தோன்றும் இணைப்பின் வழியே பிறரை வரச்செய்வதே இதன் முறை. 2007இல் ஃபோர்சான் தளத்தைச் சார்ந்தோரிடையே இது தோன்றியது. 2008 ஏப்ரல் 1 அன்று யூடியூப் நிறுவனமே தன் முகப்பில் இடம்பெற்ற காணொளி இணைப்புகளை இப்பாடலுக்குத் திருப்பியது. அவ்வாண்டு நவம்பரில் நியூயார்க் நகரின் நன்றியறிதல் நாள் ஊர்வலத்தில் பாடகரே எதிர்பாராது தோன்றிப் பாடினார். 2021இல் இக்காணொளி நூறு கோடிப் பார்வைகளைக் கடந்தது. ஏமாந்தவரும் சிரித்து மகிழ்ந்தமையே இதன் நீடிப்புக்குக் காரணம் எனலாம்.

இணைப்பின் இயல்பு

மீயிணைப்பு இரு கூறுகளை உடையது. ஒன்று, படிப்பவர் காணும் சொல். மற்றொன்று, கணினி சென்றடையும் முகவரி. இவ்விரண்டும் பொருந்தவேண்டும் என்னும் கட்டாயம் தொழில்நுட்பத்தில் இல்லை. பொருத்தம் முழுவதும் எழுதுபவரின் நேர்மையைச் சார்ந்தது. ஆதலின் ஒவ்வோர் இணைப்பும் ஒரு வாக்குறுதியாகும். அதனை மீறுவது சொல்லால் பொய்த்தலுக்கு நிகரானதே.

விளையாட்டுப் பொய்

விளையாட்டாகக் கூறுவனவற்றைப் பொய்யெனக் கொள்ளவேண்டியதில்லை என்பது அகஸ்தீனின் கருத்து. சொல்பவரின் குரலும் மனநிலையும் ஏமாற்றும் நோக்கம் இல்லை என்பதைக் காட்டிவிடுகின்றன என்பது அவர் காட்டும் காரணம். இக்காரணம் இணைப்பிற்குப் பொருந்துவதில்லை. இணைப்பிற்குக் குரல் இல்லை, முகக்குறிப்பும் இல்லை. விளையாட்டு என்னும் உண்மை சொடுக்கிய பின்னரே வெளிப்படுகிறது. எனவே இக்குறும்பு பொய்யன்று என வாதிடுதல் இயலாது; பொறுக்கத்தக்க பொய்யா என்பதே எஞ்சும் வினா.

வள்ளுவர் வாய்மையைத் தீமையின்மையால் வரையறுக்கிறார் (குறள் 291). இதன்படி நோக்கின், ஓரிரு நிமிடம் மட்டும் இழப்பாகும் பாடற்குறும்பு பெரிதும் குற்றமற்றது. ஆயினும் நகையிடத்தும் இகழ்ச்சி துன்பம் தரும் என்பதையும் அவரே உணர்த்துகிறார் (குறள் 995). தொல்காப்பியமும் நகைக்குரிய நிலைக்களன்களுள் எள்ளலை ஒன்றாக வைத்துள்ளது. ஏமாந்தவரோடு சிரித்தல் வேறு. அவரை எள்ளிச் சிரித்தல் வேறு.

எல்லை மீறல்

இவ்வேறுபாட்டின் இன்றியமையாமையை ஒரு நிகழ்வு உணர்த்துகிறது. ரிக்ரோல் புகழ்பெற்றுவந்த 2008 மார்ச்சில், அமெரிக்காவில் வலிப்பு நோயாளர்களுக்கான அமைப்பொன்றின் இணையப் பக்கங்களில் சிலர் விரைந்து மின்னும் அசைபடங்களை இட்டனர். அத்தகைய காட்சிகளுக்குத் தாமே இட்டுச்செல்லும் பதிவுகளையும் இட்டனர். ஒளித்துடிப்பால் வலிப்பு வரக்கூடியோர் அதனால் துன்புற்றனர். இரண்டிலும் உத்தி ஒன்றே. எதிர்பார்த்து வந்தவரை எதிர்பாராததன்முன் நிறுத்துவதே அவ்வுத்தி. அறவேறுபாடு உத்தியில் இல்லை. ஏமாறுபவரின் நிலையைக் கருதினரா என்பதில் உள்ளது.

மறுப்பும் விடையும்

இக்குறும்புகள் மக்களை விழிப்படையச் செய்கின்றன என்று வாதிடுவோர் உளர். வங்கிபோல் நடித்துக் கடவுச்சொல்லைக் கவரும் மோசடிகளும் இதே வழியைப் பின்பற்றுவதால் இவ்வாதத்தைப் புறந்தள்ள இயலாது. ஆயினும் பாடத்தின் விலையை அனைவரும் சமமாகத் தருவதில்லை. கணினிக்குப் புதியவர், திரைவாசிப்பு மென்பொருள் ஒலிக்கும் சொல்லை மட்டுமே நம்பிச் செல்லும் பார்வையற்றோர், நோய் குறித்து அவசரமாகத் தேடுபவர் ஆகியோரே அதிகம் இழக்கின்றனர். மேலும், இணைப்பின்மீதுள்ள நம்பிக்கை ஊர்ப்பொதுக் குளம் போன்றது. ஒருவர் கலக்கினாலும் அனைவரும் கலங்கிய நீரையே பருகவேண்டும்.

முடிவுரை

இணைப்புக் குறும்பு பொய்யே ஆகும். எனினும் ஏமாற்றம் உடனே தன்னை வெளிப்படுத்துதல், மீளமுடியாத தீங்கு இன்மை, ஏமாறுபவரும் சிரிப்பில் பங்குபெறும் உறவு ஆகிய மூன்றும் அமையுமிடத்து அது பொறுக்கத்தக்கதாகிறது. இம்மூன்றனுள் இறுதியானதே அரியது. அறிந்த நண்பருக்கு அனுப்புபவர் அவர் இயல்பை அறிவார். அறியாதோர் பலர் முன் இடுபவர் எவர் வந்து சொடுக்குவார் என்பதை அறியார். அவ்வறியாமை அவரது பொறுப்பைக் குறைப்பதில்லை, மிகுவிக்கிறது.